லியூகோவோரினை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துக்கொள்பவர்கள், அதன் கெடுதலை முறிக்கும் லியூகோவோரின் மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்து, வாய்ப்புண் வந்தால் தாங்களாகவே போட்டுக்கொள்வது பாதுகாப்பானதா?

கூடாது. இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏறக்குறைய இதே எண்ணத்தோடு என் தாய்க்கு நானே இரண்டு நாள் வைத்தியம் பார்த்து, அவருடைய இரத்த அணுக்கள் தரைதட்டும் வரை காத்திருந்தவன் நான்.

உங்கள் வீட்டில் யாரோ சரவாங்கி எனப்படும் முடக்குவாதத்துக்கோ சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கோ வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துக்கொள்கிறார்கள் என்றும், முறிமருந்து என்று ஒன்று இருப்பதை எங்கோ படித்துவிட்டு அது கையில் இருந்தால் தைரியம் என்று நினைக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். புற்றுநோய்க்காக இதே மருந்தை மிகப் பெரிய அளவில் செலுத்தும் சிகிச்சையின் கதை வேறு. அங்கே லியூகோவோரின் முதலிலேயே திட்டத்தில் இருக்கும். பெரும்பாலும் 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரத்தத்தில் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து அளந்து கொடுப்பார்கள். அப்படி ஒரு நேர அட்டவணையோடு மருத்துவரே கொடுத்தனுப்பியிருந்தால், அதில் ஒரு வேளையைக்கூடத் தவறவிடாதீர்கள். என் பதில் உங்களுக்கானது அன்று.

நான் கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அந்தத் தொழில்தான் என்னைக் கெடுத்தது. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் 7.5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. மற்ற ஆறு நாட்களும் ஃபோலிக் அமிலம் ஒவ்வொன்று. ஐந்து ஆண்டுகள் இந்த ஒழுங்கு பிசகாமல் நடந்தது. எங்கள் மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கேட்ட எண்ணிக்கையை மட்டும் பழுப்பு உறையில் போட்டுத் தருவார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரம் எப்போதும் கடையிலேயே தங்கிவிடும். நமக்கு வருவது பெயரில்லாத துண்டு. வாரம் ஒரு முறை மட்டுமே விழுங்க வேண்டிய மருந்தை இப்படி வெட்டிக் கொடுக்கிறவர்களை என்னவென்று சொல்வது? அந்த முறை ஒரே உறையில் இரண்டு துண்டுகள் இருந்தன. இரண்டிலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள்.

சனிக்கிழமை இரவு, அடுத்த வாரத்துக்கு மாத்திரைகளைப் பிரித்து வைக்கும்போதுதான் கணக்கு இடித்தது. ஃபோலிக் அமிலம் ஒன்றுகூடக் குறையவில்லை, குறைந்திருந்ததெல்லாம் மெத்தோட்ரெக்ஸேட். கேட்டதற்கு அம்மா, "மஞ்ச மாத்திர தெனம் ஒண்ணுன்னு நீதானப்பா சொன்ன" என்றார். ஞாயிற்றுக்கிழமை 15, அதற்குப் பின் நாளுக்கு 7.5 வீதம் ஆறு நாள். ஆக ஒரே வாரத்தில் 60 மில்லிகிராம். நான்கு மடங்கு.

அப்போதே புறப்பட்டிருக்க வேண்டும். நான் பாடப்புத்தகத்தைப் போல யோசித்தேன். மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலேட் என்ற பி வைட்டமினுக்கு எதிரி. அதன் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலம் கையில் இருக்கிறது. அதை நாளுக்கு மூன்றாகக் கொடுத்தால் சமன்பாடு சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். ஞாயிறும் திங்களும் அப்படியே கொடுத்தேன். திங்கள் இரவு அவரால் ரசத்தைக்கூட விழுங்க முடியவில்லை. உதட்டின் உட்புறமும் நாக்கின் ஓரமும் தோல் உரிந்து வெள்ளையாகக் கிடந்தன, உடம்பு கொதித்தது. விடிந்ததும் வண்டி பிடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மருத்துவர், வயதில் என் மாணவி போன்றவர், நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஃபோலிக் ஆசிட் கூடக் குடுக்கச் சொல்லி யாருங்க சார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான் செய்த பிழையை, அன்று மாலை ஆற்றைக் கடந்து வீட்டுக்கு உடை எடுக்க வரும்போது எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். நாம் விழுங்கும் ஃபோலிக் அமிலத்தை உடல் அப்படியே பயன்படுத்துவதில்லை. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி அதை ஒடுக்கி, அதாவது ஹைட்ரஜனைச் சேர்த்து, கொடுத்தால்தான் செல்கள் அதைக் கொண்டு டி.என்.ஏ. கட்ட முடியும். மெத்தோட்ரெக்ஸேட் அடைத்துக்கொண்டு உட்காருவது அந்த நொதியின்மீதுதான். புதுச்சேரிக்குப் போகும் வழியில் தென்பெண்ணைப் பாலம் அடைபட்டுக் கிடக்கும்போது கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து இன்னும் பத்துப் பேருந்துகளை அனுப்பிவைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் நான் செய்திருந்தேன். லியூகோவோரின் எனப்படும் ஃபோலினிக் அமிலம் ஏற்கெனவே ஒடுக்கப்பட்ட வடிவம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெட்டிச்சாவடியிலேயே கிளம்புகிற பேருந்து. ஃபோலிக், ஃபோலினிக் என்று பெயரில் ஓர் அசைதான் வேற்றுமை. வழக்கமான வார அளவின் சிறு தொல்லைகளைக் குறைக்க முன்னது போதும். அளவு மீறிவிட்டால் அது உதவாது. ஃபோலிக் அமிலத்தையும், அதற்கு எதிராக வேலை செய்யும் மெத்தோட்ரெக்ஸேட் வம்சத்து மருந்துகளையும் 1940களில் ஒரே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவின் குழு என்பதை வகுப்பில் பெருமையாகச் சொல்லிவந்தவன் நான். அந்த வெட்கத்தை இங்கே மறைக்கவில்லை.

அம்மாவின் வெள்ளணுக்கள் 1,600-க்கும் தட்டணுக்கள் 52,000-க்கும் இறங்கியிருந்தன. சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் 1.8. இந்த மருந்து பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டும். முட்டிவலிக்காக இடையில் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் அந்த வழியையும் நெருக்கியிருந்தது. அதை நான் சொல்லவே இல்லை. மருத்துவர் துருவித் துருவிக் கேட்டதால்தான் வெளிவந்தது. உங்கள் வீட்டிலும் வலிமாத்திரை, சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் போன்றவை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்கின்றனவா என்று முதலில் பாருங்கள். முறிமருந்தைத் தேடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அதுதான்.

லியூகோவோரினை 6 மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தநாள ஊசியாகப் போட்டார்கள். மாத்திரையாகக் கொடுக்கலாமே என்று அப்போதும் கேட்டேன். வாந்தியும் புண்ணான குடலும் இருக்கும்போது உள்ளே போனது எவ்வளவு உடலில் சேரும் என்று நம்ப முடியாது என்றார்கள். ஒரே வேளையில் 25 மில்லிகிராமைத் தாண்டினால், நல்ல குடலும் அதற்கு மேற்பட்டதைச் சரியாக உறிஞ்சாது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். ஊசியிலும் அவசரம் கூடாது. மருந்தில் கால்சியம் இருப்பதால் மெதுவாகவே செலுத்தினார்கள். வேறு என்னென்ன மருந்து ஓடுகிறது, வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் உண்டா, புற்றுநோய்க்கு ஃபுளூரோயுராசில் ஏதாவது ஓடுகிறதா என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்டுக்கொண்டார்கள். முன்னதன் வேலையை லியூகோவோரின் குறைத்து வலிப்பைத் திரும்ப வரவழைக்கலாம். பின்னதன் நச்சை அது கூட்டும். பி12 குறைவால் வந்த இரத்தசோகையை, எண்ணிக்கையை மட்டும் உயர்த்திக் காட்டி, நரம்பு கெடுவதை மறைத்துவிடவும் அதனால் முடியும். முறிமருந்துதானே, அது என்ன கெடுதல் செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன்.

வாய்ப்புண் வரட்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. இரத்த அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையும் வாயின் உட்தோலும் வேகமாகப் பெருகும் செல்கள் என்பதால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே அடிவாங்குகின்றன. புண் கண்ணுக்குத் தெரியும், மஜ்ஜை தெரியாது. அளவு தவறிவிட்டது என்று தெரிந்த அந்த மணியிலேயே, உடம்பு நன்றாக இருந்தாலும், போக வேண்டும். லியூகோவோரின் பிந்தப் பிந்தப் பயன் குறைகிறது. இரத்தத்தில் மெத்தோட்ரெக்ஸேட் இல்லை என்று அறிக்கை வந்தாலும் அது செல்களுக்குள் தங்கியிருந்து வேலை செய்யும். அதனால்தான் அணுக்கள் ஏறும் வரை ஊசியை நிறுத்தவில்லை. 11 நாள் அங்கேயே இருந்தோம்.

லியூகோவோரின் அளவைக் கேட்டு யாரும் பின்னூட்டம் இட வேண்டாம். எடை, சிறுநீரகம், எவ்வளவு விழுங்கினார் என்பதைப் பார்க்காமல் அதைச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். இன்னொரு வகையினர், மெத்தோட்ரெக்ஸேட்டே விஷம், மூலிகைக்கு மாறுங்கள் என்று வருவார்கள். ஐந்து ஆண்டுகள் என் தாயின் விரல்கள் கோணாமல் சோறு பிசைந்ததற்குக் காரணம் அந்த விஷம்தான். தவறு மருந்தில் இல்லை. உறையிலும் என்னிடத்திலும் இருந்தது.

இப்போது அவருக்கு வேறு மருந்து. மாத்திரையைக் கையில் கொடுத்தால் உடனே வாயில் போடுவதில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அட்டையோட பின்பக்கத்தக் காட்டு" என்கிறார்.