காணவில்லை (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

போன மாதம் அப்பா வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். வயது 78, மறதி நோய். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, வாட்ஸப்பில் 'காணவில்லை' என்று படத்தோடு போட்டோம். மறுநாள் கோபியில், அவர் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூட வாசலில் கிடைத்தார். "எங்கப்பா தொலைஞ்சு போனீங்க?" என்றால், "நான் எங்க தொலைஞ்சேன்? இன்னும் கேட் திறக்கல, உக்காந்திருக்கேன்" என்கிறார். முந்தின இரவு எரிச்சலில் "எங்கயாவது போய்த் தொலைங்க" என்று சொன்னது நான்தான். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

அப்பா சொன்னது இலக்கணப்படியும் சரி. வாத்தியார் அல்லவா! 'காணவில்லை' என்பதற்கு எழுவாய் அவர் இல்லை, நீங்கள். காணாதவர்கள் நீங்கள்தான். அவருக்கு இடம் தெரிந்திருந்தது, வருஷம்தான் பிசகிவிட்டது.

தொலைதல் பழைய சொல். சங்க அகப்பாடல்களில் பிரிவால் தலைவியின் 'தொல்கவின்' தொலையும். அழகு வழி தவறிப் போவதில்லை, அழிகிறது. 806-ஆம் குறளில் 'தொலைவிடத்தும்' என்பதும் கேடு வந்தபோதும் என்ற பொருளில்தான். ஆனால் துணைவினையாக வாய்க்கு வாய் புழங்கி அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. 'சாப்பிட்டுத் தொலை' என்கிற அம்மா, பிள்ளை அழியட்டும் என்றா நினைக்கிறாள்? மிஞ்சியிருப்பது சலிப்பு மட்டும். நீங்கள் சொன்னதும் அதுதான்.

யார் செய்தது என்ற கேள்வி உண்மையாகவே கனக்கிற இடம் வேறு. இலங்கையில், உள்நாட்டுப் போரில் என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்களைத் தேட 2016-இல் சட்டம் போட்டு அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இருப்பது 'காணாமற்போன ஆட்கள்'. 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் சொல்வது 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. போனவர் தானாகவும் போயிருக்கலாம். ஆக்கப்பட்டவர் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒரு வினைக்காகத்தான் அவர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள். போரின் முடிவில் ராணுவத்திடம் சரணடைந்தபோது கையைப் பிடித்து ஒப்படைத்த பிள்ளையை எப்படிக் 'காணாமல் போனான்' என்பது?

உங்கள் வீட்டில் அப்படி யாரும் யாரையும் ஆக்கவில்லை. நோய் ஆக்கியது.

சட்டைப் பையில் சீட்டு வைத்தால் துவைக்கும்போது போய்விடும். காலரின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரை எழுதித் தைத்துவிடுங்கள். அந்தப் பள்ளிக்கூட வாட்ச்மேனிடமும் ஒரு நம்பர் கொடுத்து வையுங்கள். அடுத்த முறையும் அங்கேதான் போவார் என்று நினைக்கிறேன்.