குறுகிய கிடங்கு வழிக்கு எந்த ஃபோர்க்லிஃப்ட்?

கேள்வி: எங்கள் கிடங்கில் ரேக்குகளுக்கு இடையே 2.9 மீட்டர் வழிதான் இருக்கிறது. 1000 x 1200 மி.மீ. பேலட்டுகளை 6 மீட்டர் உயரம் வரை அடுக்க வேண்டும். வாசலில் லாரிச் சரக்கையும் அதே வண்டிதான் இறக்க வேண்டும். இப்போதுள்ள நான்கு சக்கர டீசல் வண்டி ரேக்கின் கால்களை அடிக்கடி இடித்துவிடுகிறது. எந்த வகை பொருந்தும்?

பதில்: புது வண்டியைப் பற்றி யோசிக்கும் முன், வளைந்த கால் ஏதேனும் இருந்தால், அது தாங்கும் அடுக்குகளில் உள்ள சரக்கை இன்றே இறக்கிவிடுங்கள், சற்றே வளைந்த காலும் தாங்கும் திறனில் பெரும்பகுதியை இழந்திருக்கக்கூடும். பெயிண்ட் உரிந்த தடம் முழங்கால் உயரத்தில் இருந்தால், இடிப்பது பெரும்பாலும் பேலட் அல்ல, தூக்கும் சுமையைச் சமன்செய்ய வண்டியின் பின்புறம் வைத்திருக்கும் எதிர் எடை. பின் சக்கரங்களால் திரும்பும் வண்டி என்பதால், முன்பக்கம் ஒரு புறம் திரும்பும்போது பின்பக்கம் எதிர்ப்புறமாக வீசும். ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. இவ்வகை வண்டிக்கு ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு மீட்டர் வழி வேண்டும். மூன்று சக்கர மின்சார வண்டிக்குக்கூட மூன்றேகால் மீட்டர் அளவுக்குத் தேவைப்படும்.

அடுத்து, வழியை ரேக்கிலிருந்து ரேக்குக்கு அளக்காமல், பேலட்டிலிருந்து பேலட்டுக்கு அளந்து பாருங்கள். பேலட்டுகள் இருபுறமும் 50 மி.மீ. துருத்தியிருந்தாலே உங்கள் 2.9 மீட்டர் 2.8 ஆகிவிடும். பேலட்டை எடுக்க மாஸ்டையே (ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம்) முன்னே நகர்த்தி, எடுத்தபின் உள்ளிழுத்துக்கொள்ளும் ரீச் டிரக்குக்கு ஏறத்தாழ 2.7 முதல் 2.9 மீட்டர் வேண்டும் என்பதால், அது உங்கள் வழியில் மயிரிழையில்தான் நுழையும். அதன் சிறிய, கெட்டியான சக்கரங்கள் வழவழப்பான தரைக்கானவை. மேடுபள்ளமான வாசலுக்கு ஒத்துவரா.

ஆகவே, ஒரே வண்டிதான் வாங்க முடியும் என்றால், முன்பகுதி மூட்டுப்போல் மடங்கித் திரும்பும் ஆர்டிகுலேட்டட் வகையையே பரிந்துரைப்பேன். அது ஏறத்தாழ இரண்டு மீட்டர் வழியிலும் பேலட்டைப் பக்கவாட்டில் ரேக்கினுள் வைத்துவிடும், வாசலில் சாதாரண ஃபோர்க்லிஃப்ட் போலவே லாரிச் சரக்கையும் இறக்கும். மடங்கும் மாஸ்டுக்குக் கை பழகத் தனிப் பயிற்சி கட்டாயம். இறக்குவதற்கு வேறு வண்டி வைத்துக்கொள்ள வழியிருந்தால், ரீச் டிரக்கையும் பரிசீலிக்கலாம்.

வண்டி திரும்பாமல் ஃபோர்க் மட்டும் பக்கவாட்டில் திரும்ப, 1.8 மீட்டருக்கும் குறைந்த வழியில் ஓடும் டரட் டிரக் உங்களுக்கு வேண்டாம். அதற்கு மிகத் துல்லியமான சமதளமும், வழிகாட்டும் தண்டவாளமோ தரையில் பதித்த கம்பியோ தேவை.

விற்பனையாளரிடம், தகட்டில் உள்ள எடைத்திறனை மட்டும் கேட்காமல், 6 மீட்டர் உயரத்தில், 600 மி.மீ. சுமை மையத்தில் (ஃபோர்க்கின் செங்குத்து முகப்பிலிருந்து சுமையின் எடை மையம் வரையுள்ள தூரம்) எவ்வளவு தூக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். உயரம் கூடக்கூட அந்த எண் குறையும். முடிந்தால் முழுச் சுமையேற்றிய உங்கள் பேலட்டையே அந்த வண்டியால் மேல் அடுக்கில் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.