ஒரு ஆறு, ஒரு வீடு, ஏழு இரவு: பிரெஞ்சு கிராமங்களைக் காரில் சுற்றுவது எப்படி?

கேள்வி: "பாரிஸ் ஏற்கெனவே பார்த்தாயிற்று. மே மாதக் கடைசியில் அப்பா அம்மாவோடு 10 நாள் போகிறோம். கார் எடுத்து, அவசரமில்லாமல், கிராமங்களும் கோட்டைகளும் பார்க்க ஆசை. அம்மா சைவம், முழங்கால் வலி உண்டு. எந்தப் பகுதி, எப்படித் திட்டமிடலாம்?"

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மனைவியோடு லுவார் ஆற்றுப் பகுதி. இரண்டே நாளில் ஐந்து மாளிகைகள். ஷாம்போரில் 440 அறைகள், ஒருவரை ஒருவர் சந்திக்காமல் இரண்டு பேர் ஏறி இறங்கக்கூடிய இரட்டைச் சுருள் படிக்கட்டு, ஷெர் ஆற்றின் மேல் பாலம்போல நிற்கும் ஷெனான்சோ என்று எல்லாம் பார்த்தோம். ஊருக்கு வந்து படங்களைப் புரட்டியபோது எந்தக் கூடம் எந்த மாளிகையில் என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவ்வளவு தூரம், அவ்வளவு செலவு.

இரண்டாம் முறை மாமனார் மாமியாரோடு தென்மேற்கே டோர்டோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஒரே வீட்டில் ஏழு இரவு. தினமும் அங்கிருந்து கிளம்பி, பொழுது சாயுமுன் அங்கேயே திரும்பினோம். அந்தப் பயணத்தில் ஒரு நாள்கூட மறக்கவில்லை. ஆகவே என் பதில் இதுதான்: டோர்டோன் போங்கள், ஒரு வீட்டில் தங்குங்கள், பெட்டியை ஒரு முறைதான் பிரிக்க வேண்டும்.

பிரெஞ்சில் 'ஷாத்தோ' என்ற ஒரே சொல் அரண்மனைக்கும் கோட்டைக்கும் பொது. நமக்கு இரண்டும் வேறு. லுவாரில் இருப்பவை பெரும்பாலும் அரண்மனைகள்: தோட்டம், ஓவியம், திரைச்சீலை. டோர்டோனில் இருப்பவை சண்டைக்குக் கட்டிய கோட்டைகள். நீங்கள் கேட்டது கோட்டை.

இந்த ஆறு ஒரு காலத்தில் எல்லைக்கோடு. 1337இல் தொடங்கிய நூற்றாண்டுப் போரில், வடகரைக் குன்றின் உச்சியில் பேனாக் கோட்டை பிரெஞ்சு மன்னன் பக்கம். தென்கரையில் காஸ்தெல்நோ கோட்டை பெரும்பாலான காலம் ஆங்கிலேயர் பக்கம். ஒன்றின் மதிலில் நின்றால் மற்றொன்று கண்ணுக்கு நேரே தெரியும். காலையில் ஒன்று, மறுநாள் காலையில் மற்றொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நீங்கள் நின்ற இடத்தை மறுநாள் எதிரியின் கண்ணால் பார்ப்பீர்கள். காஸ்தெல்நோவில் இடைக்காலப் போர்க்கருவிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லெறியும் பெரிய பொறிகளை மதில்மேல் முழு அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். மாமா பள்ளியில் வரலாறு நடத்தியவர். அந்தப் பொறியின் எதிர்எடை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டே அரைமணி நேரம் அதை விட்டு நகரவில்லை. போரை முடித்த கடைசிப் பெருஞ்சண்டையும் இதே ஆற்றங்கரையில்தான், மேற்கே காஸ்தியோன் என்ற ஊரில், 1453இல் நடந்தது. போர்டோ நகரத்திலிருந்து வரும் வழியில் அந்த ஊரைத் தாண்டித்தான் வருவீர்கள்.

வழி என்றதும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். விமானம் இறங்கிய அன்றே கார் ஓட்டாதீர்கள். தூக்கமில்லாத கண்ணோடு, பழகாத பக்கத்தில் ஓட்டுவது ஆபத்து. பாரிசிலிருந்து போர்டோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். அன்றிரவு போர்டோவில் தூங்கி, காலையில் ரயில் நிலையத்தருகே வாடகைக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையை விட்டுவிட்டு டி936 சாலையைப் பிடித்தால் காஸ்தியோன், பெர்ஷராக் வழியாக ஆற்றோடு போகலாம். பெர்ஷராக் தாண்டி ஆறு பெரிய வளையமாக வளையும் த்ரெமோலா, வெசேர் ஆறு வந்து கலக்கும் லிமேய், அப்புறம் இந்தப் பகுதியின் முக்கிய ஊரான சார்லா. இரண்டரை மணி நேரத்தில் போகக்கூடிய தூரம்தான். நாங்கள் நாள் முழுக்க எடுத்துக்கொண்டோம்.

காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள். மிஷ்லின் வரைபடங்களில் அழகான காட்சியுள்ள சாலைகளின் ஓரத்தில் பச்சைக்கோடு போட்டிருப்பார்கள். கைபேசி வழிகாட்டி சீக்கிரம் போய்ச் சேரும் வழியைத்தான் காட்டும். இந்தப் பச்சைக்கோடு அதற்குத் தெரியாது. தினமும் காலை காபியோடு மாமா வரைபடத்தை விரித்து அன்றைய பச்சைக்கோட்டைத் தேர்ந்தெடுப்பார். அந்த வேலையை உங்கள் அப்பாவிடம் கொடுத்துப் பாருங்கள்.

ஓட்டுவது பற்றி. கிளம்புமுன் நம் ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். கார் எடுப்பவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் பல வாரம் முன்னதாகவே பதிவு செய்யுங்கள், வாடகை கூடினாலும் பரவாயில்லை. வலக்கையால் கியர் மாற்றும் கவலை ஒன்று குறையும். வண்டியை வாங்கும்போது நான்கு பக்கமும், சக்கர விளிம்பு உட்பட, படம் எடுத்து வையுங்கள். முதல் பயணத்தில் சக்கரத்தில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கு எங்களிடம் பணம் பிடித்தார்கள்; காட்ட எங்களிடம் படம் இல்லை.

வலப்பக்கம் ஓட்டுவது இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது 'வலப்பக்க முன்னுரிமை' விதி. குறி எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கே முதல் உரிமை, அது சின்னச் சந்திலிருந்து வந்தாலும். நீங்கள் பெரிய சாலையில் போகிறோம் என்ற நம்பிக்கையில் இருப்பீர்கள். அவர் நிற்காமல் வெளியே வருவார். சட்டம் அவர் பக்கம். மஞ்சள் வைரக் குறி கண்ணில் பட்டால் உரிமை உங்களுடையது. அதன்மேல் கோடு போட்டிருந்தால் அது முடிந்தது. வட்டச் சந்திப்பில் உள்ளே இருப்பவருக்கு வழி விட வேண்டும். ஊரின் பெயர்ப்பலகைதான் வேகப்பலகையும்: சிவப்பு ஓரமிட்ட பலகை வந்தால் எண் எழுதாவிட்டாலும் 50தான், அதே பெயர்மேல் சிவப்புக் கோடு வந்தால் ஊர் முடிந்தது. 2018 முதல் நாட்டுப்புற இருவழிச் சாலைகளுக்குப் பொது வரம்பு 80. சில மாவட்டங்கள் மறுபடி 90 ஆக்கியிருக்கின்றன, பலகையைப் பாருங்கள். பின்னால் ஒரு உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால் பதறாமல், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள். நீங்கள் விடுமுறையில் இருக்கிறீர்கள். அவர் வேலைக்குப் போகிறார்.

வீடு சார்லாவுக்கும் தோமுக்கும் இடையில், வித்ராக் அல்லது சேனாக் பக்கம் கிடைத்தால் நல்லது. சமையலறையோடு வாடகைக்கு விடும் நாட்டுப்புற வீட்டை 'ஷீத்' என்பார்கள். தேடும்போது தரைத்தளத்தில் படுக்கையறை இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கல் வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும். மே மாதத்தில் அரசு விடுமுறைகள் நிறைய. வியாழனில் வரும் விடுமுறையோடு வெள்ளியைச் சேர்த்து நான்கு நாளாக்கிக்கொள்வார்கள், அதற்கு 'பாலம்' என்றே பெயர். அந்த நாட்களில் வீடும் கிடைக்காது, சாலையும் நெரியும். தேதி பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

அம்மாவின் சாப்பாடு. இதில் கவனமாக இருங்கள், ஏனென்றால் இது வாத்தும் கூஸும் ஆளும் பகுதி. உருளைக்கிழங்குதானே என்று நம்பி 'சார்லாத்தேஸ்' வறுவலை வாங்கிவிடாதீர்கள். பூண்டு, பார்ஸ்லி எல்லாம் சரி, வதக்குவது வாத்துக் கொழுப்பில். பெரிகோர் என்று இந்தப் பகுதியின் பெயர் சொல்லும் சாலட்டில் வாத்தின் இரைப்பைத் துண்டு இருக்கும். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் நல்லது, ஆனால் பன்றி இறைச்சித் துண்டு போடவேண்டாம் என்று சொல்லியே வாங்குங்கள். வால்நட் கேக் இந்த மண்ணின் பண்டம், பெரும்பாலும் முட்டை சேரும். அத்தை முட்டையும் சாப்பிடமாட்டார்கள். அதனால்தான் சமையலறை உள்ள வீடு என்று வற்புறுத்துகிறேன். பாஸ்மதி அரிசி எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். பருப்பும் சாம்பார்ப்பொடியும் நாங்கள் கொண்டுபோனோம். மிச்சமெல்லாம் சார்லா சந்தையில்: புதன், சனிக்கிழமைகளில் காலையில். மே மாதத்தில் பெரிகோர் ஸ்ட்ராபெரி வந்திருக்கும். கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை 'போன்ஷூர்'. அதைச் சொல்லாமல் விலை கேட்டால் அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. அத்தை அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே வால்நட் எண்ணெய் விற்ற அம்மாவிடம் ருசி பார்த்து, அளந்து, வாங்கி வந்துவிட்டார்கள்.

வெளியே சாப்பிட்டால் 12 மணிக்கே போய் உட்காருங்கள். இரண்டு மணிக்குச் சமையலறை மூடிவிடும், கெஞ்சினாலும் திறக்காது. ஒரு நாள் இரண்டே காலுக்குப் போய், சர்க்கரை வியாதிக்காரரான மாமாவுக்கு ஒரு துண்டு ரொட்டிக்காக மூன்று ஊர் அலைந்தேன். அதன்பின் காரில் எப்போதும் ரொட்டி, பழம், தண்ணீர் வைத்திருந்தேன். ஞாயிறு மதியமும் திங்கட்கிழமையும் பல கடைகள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். பேனாக்கில் ஆற்றங்கரையிலிருந்து கோட்டைக்கு ஏறும் தெரு மிகச் செங்குத்து. காரில் சுற்றிக்கொண்டு மேலே கோட்டையருகே உள்ள நிறுத்தத்துக்கே போய்விடுங்கள். தோம் 1281இல் பிரெஞ்சு மன்னன் மூன்றாம் பிலிப் குன்றின்மேல் நிறுவிய மதில் சூழ்ந்த ஊர்; மேலே போய்விட்டால் சதுக்கத்தின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கலாம். லா ரோக் கஜாக்கில் ஏறவே வேண்டாம். 'கபார்' என்ற தட்டையான படகில் ஒரு மணி நேரம் ஆற்றில் போய் வரலாம். பழைய நாளில் இந்தப் படகுகள்தான் மரமும் மதுப்பீப்பாயும் சுமந்து ஆற்றோடு இறங்கின. செங்குத்துப் பாறையை முதுகில் சாய்த்துக்கொண்டு தெற்கே வெயிலைப் பார்த்து நிற்கும் ஊர் அது; 1957இல் அந்தப் பாறை பெயர்ந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதே பாறைதான் பகல் வெயிலைத் தேக்கிவைத்து இரவில் ஊருக்குச் சூடு தருகிறது. அதனால் பனி விழும் நாட்டில் பனையும் வாழையும் வளர்கின்றன. "மாப்பிள்ளை, இங்க பாருங்க, வாழை!" என்று அத்தை கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

ஆதிமனிதர்கள் ஓவியம் வரைந்த குகைகளுக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். லாஸ்கோ 1940 செப்டம்பரில் நான்கு சிறுவர்கள் கண்டுபிடித்தது. ஓவியங்களுக்கு வயது சுமார் 17,000 ஆண்டுகள். 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். வந்தவர்களின் மூச்சுக்காற்றும் விளக்கு வெளிச்சமும் சுவரில் பாசியை வளர்த்ததால் 1963இல் மூடினார்கள். இப்போது நாம் பார்ப்பது 2016இல் மோந்திஞாக்கில் திறந்த முழுப் பிரதி. பிரதிதானே என்று விட்டுவிடாதீர்கள். மூலத்தைக் காப்பாற்றுவதற்காக இவ்வளவு உழைத்துச் செய்ததை நான் மதிக்கிறேன், உள்ளே நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் அசல் ஓவியத்தின் முன் நிற்க வேண்டுமென்றால் உங்கள் அம்மாவுக்கு ஏற்றது ரூஃபிஞாக். உள்ளே சின்ன மின்சார ரயிலில் உட்கார்த்தியே கூட்டிப்போவார்கள். சுவரிலும் கூரையிலும் நூற்றுக்கும் மேற்பட்ட மாமத் யானைகள். குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

மிலாந்த் மாளிகையைச் சிலர் தவிர்த்துவிடுவார்கள். தவிர்க்காதீர்கள். அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த பாடகி ஜோசஃபின் பேக்கரின் வீடு அது. இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சு விடுதலை இயக்கத்துக்கு உளவு வேலை செய்தவர். பல நாடுகளிலிருந்து 12 குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கேயே வளர்த்தார். கடன் முற்றி, வீட்டையே இழந்தார். 2021இல் பாரிசின் பாந்தியோன் நினைவாலயத்தில் நாட்டின் பெருமக்களோடு அவருக்கும் இடம் கொடுத்தார்கள். நான்கு நாள் போர்க்கோட்டைகளாகப் பார்த்த பிறகு, பிள்ளைகள் வளர்ந்த ஒரு மாளிகையின் அடுக்களையில் நிற்பது மனதைத் தொட்டது.

தூரப்பயணம் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ரொக்கமதூர், ஒரு மணி நேர ஓட்டம். பாறைச்சுவரில் அடுக்கடுக்காக ஊர், நடுவில் கோயில், உச்சியில் கோட்டை. யாத்திரிகர்கள் 216 படிகளை முழங்காலிட்டே ஏறிய இடம். உங்கள் அம்மா ஏற வேண்டியதில்லை, கீழிருந்து கோயிலுக்கும் அங்கிருந்து உச்சிக்கும் லிஃப்ட் வசதி உண்டு. காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பேருந்துகள் வருமுன். பக்கத்துக் குன்றின்மேல் லோஸ்பித்தலே என்ற இடத்தில் முதலில் வண்டியை நிறுத்துங்கள். முழு ஊரும் ஒரே பார்வையில் தெரிவது அங்கிருந்துதான், வெயில் நேரே பாறையில் விழுவதும் காலையில்தான்.