பயனீட்டாளர் கேள்வி பதில்: டீசலின் பெயரால் ஏறிய விலை

தீபாவளி முடிந்த கையோடு வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலைவாசியைப் பற்றியவை. "பெட்ரோல் விலையைக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லையே" என்பதுதான் பலருடைய ஆதங்கம். ஆகவே இம்மாதப் பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: செப்டம்பர் இறுதியிலிருந்து மைகார்ட் அடையாள அட்டையைக் காட்டி ரோன் 95 பெட்ரோலை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குப் போடுகிறேன். ஆனாலும் குடும்பச் செலவில் எந்த மாற்றமும் தெரியவில்லை. என் கணக்கில் எங்கே தவறு?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: உங்கள் கணக்கில் தவறு இல்லை, ஐயா. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ரோன் 95 லிட்டருக்கு 2.05 ரிங்கிட்டாகவே இருந்துவந்தது. 2025 செப்டம்பர் 30 முதல் பூடி 95 என்ற பெட்ரோல் மானியத் திட்டத்தின் கீழ், வாகனமோட்டும் உரிமம் வைத்திருக்கும் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைக்கத் தொடங்கியது. உங்களுக்குக் குறைந்தது லிட்டருக்கு 6 சென். மாதம் 150 லிட்டர் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் மிச்சமாவது 9 ரிங்கிட்.

என் வீட்டுக்கு அருகில் உள்ள ஓர் உணவுக் கடையில் விலைப்பலகையின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டுகளை ஒட்டிப் புதிய விலையை எழுதியிருக்கிறார்கள். ரொட்டி சானாய் என்ற வரியில் மட்டும் மூன்று துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஓரம் உரிந்த இடத்தில் பழைய எண்களின் விளிம்பு தெரிகிறது. ஒரு ரொட்டிக்கு 20 சென் கூடினால், வேலைக்குப் போகும் வழியில் நாளுக்கு இரண்டு ரொட்டி சாப்பிடும் ஒருவருக்கு 26 வேலை நாள்களில் 10.40 ரிங்கிட் கூடுதல் செலவாகிறது. எண்ணெய் நிலையத்தில் மிச்சமான 9 ரிங்கிட்டைக் காலைப் பசியாறலே எடுத்துக்கொண்டுவிடுகிறது. எண்ணெய் விலையின் உண்மையான பாரம் நம் வண்டியில் இல்லை, நமக்குப் பொருள் கொண்டுவரும் வண்டியில் இருக்கிறது. அடுத்த கடிதம் அதைத்தான் கேட்கிறது.

கேள்வி: சந்தையில் காய்கறி விலை ஏன் கூடியது என்று கேட்டால், "டீசல் ஏறிப்போச்சு, அம்மா" என்ற ஒரே பதில்தான் ஒன்றரை ஆண்டாக வருகிறது. அது உண்மைதானா?
– குடும்பத் தலைவி, பட்டர்வொர்த்

பதில்: டீசல் ஏறியது உண்மை, அம்மா. அந்த ஏற்றம் எவ்வளவு, அதில் எவ்வளவு உங்கள் கூடைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஒரே இரவில் உயர்ந்தது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே நீடித்தது. 2019இல் 1.4 பில்லியன் ரிங்கிட்டாக இருந்த டீசல் மானியம் 2023இல் 14.3 பில்லியனாக வீங்கிவிட்டது என்றும், அதில் பெரும்பகுதி கடத்தலுக்கும் தகுதியற்றவர்களுக்கும் போகிறது என்றும் அரசாங்கம் காரணம் கூறியது. அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. மலிவு விலை டீசல் எல்லை கடந்து போவதைத் தடுக்க வேண்டியதுதான்.

ஆனால் அதே வேளையில், பதிவு பெற்ற சரக்கு லோரிகள் ஃபிளீட் கார்டு என்ற மானிய டீசல் அட்டையைக் காட்டி 2.15 ரிங்கிட்டுக்கே டீசல் போட்டுக்கொள்ள வழி செய்யப்பட்டது என்பதைச் சந்தையில் யாரும் சொல்வதில்லை. அந்த அட்டை இருந்த லோரிக்கு எண்ணெய்ச் செலவு ஒரு சென் கூடக் கூடவில்லை. சரி, அட்டை இல்லாத லோரி என்றே எடுத்துக்கொள்வோம். கேமரன் மலையிலிருந்து பினாங்குக்கு வந்து திரும்ப ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால் 100 லிட்டர் தேவை, லிட்டருக்கு 1.20 ரிங்கிட் கூடியதால் ஒரு நடைக்கு 120 ரிங்கிட் அதிகமாகிறது. லோரியில் 3 டன் காய்கறி இருந்தால், அந்த 120 ரிங்கிட்டை 3,000 கிலோவுக்குப் பகிர்ந்து பாருங்கள்: கிலோவுக்கு 4 சென்.

உங்கள் சந்தையில் முட்டைக்கோஸ் கிலோவுக்கு எவ்வளவு கூடியது என்று உங்களுக்கே தெரியும். அது 4 சென் இல்லை.

மீதியெல்லாம் கொள்ளை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தோட்டத்தில் உரமும் மருந்தும் விலை ஏறியிருக்கின்றன. 1,500 ரிங்கிட்டாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ஆகியிருக்கிறது; அது உழைப்பவனுக்குக் கிடைக்க வேண்டிய கூலி, அதைக் குறை சொல்லக் கூடாது. தொடர் மழை பெய்தால் கீரை அழுகும். மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் தத்தம் பங்கைச் சேர்க்கிறார்கள். 4 சென் என்று எந்தக் கடைக்காரரும் பலகையில் எழுதமாட்டார் என்பதையும் கவனியுங்கள். விலை நம் சந்தையில் 20 சென், 50 சென் என்று படிப்படியாகத்தான் ஏறும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து "டீசல்" என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாகத் தருவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். வெங்காயத்துக்குக்கூட அதே பதிலைச் சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்து, 2024 மே மாதம்தான் அதை நீக்கியது. அந்த மாதங்களில் வெங்காய விலையை ஆட்டிவைத்தது அந்தத் தடை, நம் ஊர் டீசல் அப்போது பழைய விலையில்தான் இருந்தது.

இன்னொன்று. 3.35 என்று தொடங்கிய டீசல் விலை அங்கேயே நிற்கவில்லை. வாரந்தோறும் உலகச் சந்தையை ஒட்டி மாறும் விலை அது. 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் 3 ரிங்கிட்டுக்குக் கீழே வந்துவிட்டது. ஏறியபோது மறுநாளே பலகையை மாற்றியவர்கள், இறங்கியபோது மாற்றினார்களா? 2008ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70க்குத் தாவியது, ஆண்டு முடிவதற்குள் உலகச் சந்தை சரிந்து 1.80க்கு வந்தது, அதாவது ஏறுவதற்கு முன்பிருந்ததைவிடக் குறைவு. நான் அன்றாடம் குடித்த தே தாரிக்கின் விலை ஜூனில் ஏறியது. டிசம்பரில் அது இறங்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது.

கேள்வி: நம் நாட்டிலேயே எண்ணெய் கிடைக்கும்போது உலக விலைக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?
– மாணவர், நிபோங் திபால்

பதில்: கடலிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயை நேராக வண்டியில் ஊற்ற முடியாது, தம்பி. நாம் பயன்படுத்தும் பெட்ரோலிலும் டீசலிலும் கணிசமான பகுதி வெளியிலிருந்து வாங்கப்படுகிறது. உள்ளூர்ச் சில்லறை விலையும் சிங்கப்பூர்ச் சந்தையில் விற்கும் சுத்திகரித்த எண்ணெயின் விலையை வைத்தே கணிக்கப்படுகிறது. உக்ரைன் போர் வெடித்த 2022 மார்ச்சில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 120 டாலரைத் தாண்டியபோதும் நாம் 2.05 ரிங்கிட்தான் கொடுத்தோம். மீதியை அரசாங்கம் கட்டியது, அதுவும் மக்கள் பணந்தான். எண்ணெய் நிலையத்தில் நிற்கும் பணியாளரிடம் கோபப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: நிலைய உரிமையாளருக்கு லிட்டருக்கு இவ்வளவு சென் என்று நிலையான கமிஷன்தான். விலை ஏறினால் அவருக்கு அது கூடுவதில்லை.

கேள்வி: 2024 ஜூலையில் டீசலைக் காரணம் காட்டிப் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தைப் பிள்ளைக்கு மாதம் 20 ரிங்கிட் உயர்த்தினார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். தமிழ்ப்பள்ளி தொலைவில் இருப்பதால் வேறு வழியும் இல்லை. இது நியாயமா?
– தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, பல தமிழ்ப்பள்ளிகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஆகவே பேருந்துக் கட்டணம் உங்களுக்கு வெறும் வசதிக்காகக் கொடுப்பது அல்ல, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் வைத்திருப்பதற்கான விலை. அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

டீசல் விலை உயர்ந்தபோது, பதிவு பெற்ற பள்ளிப் பேருந்துகள் ஃபிளீட் கார்டு வழியாக லிட்டர் 1.88 ரிங்கிட்டுக்கு டீசல் பெறும் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தன. அட்டை வைத்திருக்கும் ஓட்டுநர் டீசலைக் காரணம் சொல்ல முடியாது. அட்டை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 22 நாள், லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்று பார்த்தால் ஏறக்குறைய 147 லிட்டர், 1.20 ரிங்கிட் வீதம் 176 ரிங்கிட் கூடுகிறது. பேருந்தில் 40 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 4.40 ரிங்கிட்.

டயர், காப்புறுதி, பழுதுபார்ப்பு எல்லாம் ஏறியிருப்பதால், வேறு காரணங்களுக்காகக் கட்டணம் உயர்ந்திருக்கலாம். அப்படியானால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக மற்றப் பெற்றோருடன் சேர்ந்து பேருந்து உரிமையாளரை அழைத்து, அட்டை இருக்கிறதா, எந்தெந்தச் செலவு எவ்வளவு கூடியது என்று கேளுங்கள். இருள் பிரியும் முன் வந்து பிள்ளையை ஏற்றிச் செல்பவர் அவர். சண்டையாக வேண்டாம், கணக்காகக் கேளுங்கள். அட்டைக்கு விண்ணப்பிக்கத் தெரியாமல் இருந்தால், பெற்றோர்களே உதவி செய்து வாங்கிக் கொடுக்கலாம்.

கேள்வி: என் தந்தை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கிறார். பழைய மோட்டார் சைக்கிளில் கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் போய்வருகிறார். அவருக்கு 1.99 விலை கிடைக்காதாம். உண்மையா?
– வாசகி, சுங்கை பாக்காப்

பதில்: உண்மைதான், அம்மா. பூடி 95 குடிமக்களுக்கு மட்டுமே. திட்டம் தொடங்கியபோது மற்றவர்களுக்கான விலை 2.60 ரிங்கிட் என்று வைக்கப்பட்டது. லிட்டருக்கு 61 சென் வேறுபாடு. அந்தக் கணக்கில் வாரம் 4 லிட்டர் போட்டால் மாதம் ஏறத்தாழ 10 ரிங்கிட் அவருக்குக் கூடியது. தொகை சிறிதுதான். ஆனால் இந்த மண்ணில் பிறந்து, பால்மரக் காட்டிலேயே ஆயுளைக் கழித்த ஒருவர், எண்ணெய் நிலையத்தில் நின்று தம்மை வெளிநாட்டவராக உணர்வது சிறியது அல்ல. அவசரத்துக்குப் பிறருடைய மைகார்டை இரவல் வாங்கிப் பயன்படுத்த வேண்டாம், அது குற்றம். குடியுரிமை விண்ணப்பம் கிடப்பில் இருந்தால், அதன் நிலையைத் தேசியப் பதிவிலாகாவில் இந்த மாதமே கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பத்து ரிங்கிட்டைவிடப் பெரிய பல வாசல்கள் அந்த அட்டைக்காகக் காத்திருக்கின்றன.

கேள்வி: கடையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் கேட்டால், வேறு பொருளும் சேர்த்து வாங்கினால்தான் தருவோம் என்கிறார்கள். பல பொருள்களில் விலையும் ஒட்டுவதில்லை. யாரிடம் சொல்வது?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: அந்தப் பொட்டலம் மானிய விலைப் பொருள், 2.50 ரிங்கிட்டுக்கு விற்க வேண்டும். வேறு பொருள் வாங்கினால்தான் தருவேன் என்று நிபந்தனை போடுவது வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். விலை ஒட்டாமல் விற்பதும் குற்றமே. நியாயமற்ற இலாபத்துக்கு 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தனிநபருக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ சிறைத்தண்டனையோ விதிக்க அதில் இடமுண்டு. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பினாங்கு அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். பயனீட்டாளர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமல் 50,000 ரிங்கிட் வரை கோரலாம் என்றாலும், அது பழுதான பொருளுக்கும் சேவைக்கும் ஈடு கேட்கும் இடம், விலை ஏற்றத்தை விசாரிக்கும் இடம் அல்ல.

"அந்தக் கடையில் எல்லாம் விலை அதிகம்" என்று பொதுவாகச் சொன்னால் அதிகாரிகளால் ஒன்றும் செய்ய முடியாது. கடையின் பெயர், நாள், நேரம், பொருளின் பெயர், எடை, கேட்ட விலை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். போன மாதம் அதே பொருளுக்குக் கொடுத்த விலையின் ரசீது இருந்தால் புகாருக்கு வலு கூடும். வணிகரிடம் கொள்முதல் பட்டியலைக் கேட்டு ஒப்பிட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. கடைகளில் தரும் ரசீதுத்தாளின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும், பையைப் பிரிப்பதற்கு முன், கைப்பேசியில் அதைப் படம் எடுத்துவிடுங்கள்.