வீட்டு வாசலிலேயே கார் டயர் மாற்றித் தருபவர்களை நம்பலாமா?

கேள்வி கேட்டவர் தண்டையார்பேட்டையில் இருக்கிறார். காரின் டயர்கள் தேய்ந்துவிட்டன, கடைக்குப் போய் உட்கார நேரமில்லை, வீட்டுக்கே ஆளை வரவழைத்தால் வேலை சுத்தமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக வரவழைக்கலாம். நான் செய்வதே அந்த வேலைதான். மணலி பக்கம் ஒரு பஞ்சர் கடையில் லாரி டயர் கழற்றிப் பழகியவன். இப்போது ஆறு வருடமாக ஒரு லோடு வண்டியில் கம்ப்ரசர், டயர் கழற்றும் மெஷின், சக்கரம் ஆடாமல் சுழல எடை சரிபார்க்கும் பேலன்சிங் மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர், ராயபுரம், வியாசர்பாடி, மாதவரம் என்று போய்வருகிறேன். மெஷினும் கையும் சரியாக இருந்தால் கடையில் மாட்டும் டயருக்கும் வாசலில் மாட்டும் டயருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வாசலில் செய்யும்போது நீங்கள் பக்கத்திலேயே நிற்கலாம் என்பது கூடுதல் வசதி. அதனால் தயவுசெய்து நில்லுங்கள்.

காற்று இறங்கிப்போன வண்டிக்காரர்களுக்குத்தான் இந்தச் சேவை மிகவும் தேவை. காலடிப்பேட்டையில் ஒரு அக்கா கூப்பிட்டிருந்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் பின் டயர் காற்று இறங்கியிருக்கிறது. "வீடு வரைக்கும்தானே தம்பி, மெதுவா ஓட்டிட்டு வந்துட்டேன்" என்றார். வெளியே பார்த்தால் ஒரே ஒரு ஆணி, அதுவும் நடுப்பட்டையில். சாதாரண பஞ்சர், பத்து நிமிட வேலை. ஆனால் டயரை ரிம்மிலிருந்து கழற்றிச் சாய்த்ததும் உள்ளேயிருந்து கறுப்பாக ரப்பர் தூள் கொட்டியது, ஒரு கைப்பிடி இருக்கும். பக்கச்சுவரின் உள்பக்கம் விரலால் தடவினால் நூல் தட்டுப்பட்டது. காற்றில்லாமல் ஓடும்போது பக்கச்சுவர் மடிந்து மடிந்து, சூடேறி, உள்ளுக்குள்ளேயே அரைபட்டுவிடும். அதற்குமேல் அந்த டயரை ஒட்டவும் முடியாது, நம்பவும் முடியாது. எட்டு மாதம்தான் ஓடிய டயர். அந்த அக்காவின் முகம் வாடியது எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் போகும் நம் சாலைகளில் ஆணிக்கும் இரும்புத் துண்டுக்கும் பஞ்சமே இல்லை. காற்று இறங்கினால் ஓரங்கட்டி ஸ்டெப்னியை மாட்டுங்கள், இல்லையென்றால் யாரையாவது வரவழையுங்கள். பஞ்சர் கடை கண்ணுக்குத் தெரிகிறதே என்று ஓட்டிப் போகாதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புது டயர் வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் பெரும்பாலும் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கி டயர் கம்பெனியான கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்தான் இந்த எண்ணைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் அச்சாகியிருக்கும். மாட்டியபிறகு அது உள்பக்கம் போய்விட்டால் தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தரை. இதில் நான் பட்டிருக்கிறேன். மாதவரத்தில் ஒரு குடோன் வளாகம், மழை விட்ட மறுநாள். மேலே காய்ந்த மாதிரி இருந்த மண்ணை நம்பி, பலகை போடாமல் ஜாக்கி ஏற்றினேன். சக்கரத்தைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து கார் இறங்கிவிட்டது. பிரேக் தட்டு தரையில் இடித்து வளைந்தது, அதற்கான பணத்தை நான் கொடுத்தேன். யாருடைய கையும் கீழே இல்லை, அதுவே பெரிய விஷயம். அன்றிலிருந்து கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கவைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. உங்கள் வீட்டுக்கு வருபவரும் ஹேண்ட் பிரேக் போடச் சொல்கிறாரா, மற்ற சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறாரா, நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்கிறாரா என்று கவனியுங்கள்.

கடலோரமாக, காசிமேடு முதல் எண்ணூர் வரை, கார் நிறுத்துபவர்களுக்கு இன்னொன்று. இரும்பு ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பில் உப்புக்காற்றால் துரு செதில் செதிலாக எழும்பியிருக்கும். ஆணியே இல்லாமல் வாரத்துக்கு நாலைந்து பாயின்ட் காற்று இறங்குகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய டயரைக் கழற்றியதும் கம்பி பிரஷ் போட்டு அந்த விளிம்பைத் தேய்க்கச் சொல்லுங்கள். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான்.

நட்டை முடுக்குவதில்தான் பலரும் அவசரப்படுவார்கள். ஏர் கன்னால் டர்ரென்று இறுக்கிவிட்டுக் கிளம்புபவரை விடாதீர்கள். நட்டை எதிரெதிராகக் கையால் ஏற்றி, கடைசியில் டார்க் ரெஞ்சில், அதாவது இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பானரில், முடிக்க வேண்டும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும், சரியான அளவு உங்கள் கார் கையேட்டில் இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால், நடுராத்திரியில் ஸ்டெப்னி மாற்றும்போது நீங்கள் ஸ்பானர் மேல் ஏறி நின்றாலும் அது அசையாது.

இரண்டு டயர்தான் இப்போதைக்கு என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். ஈரச்சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைப் பிடிப்பது கஷ்டம். காற்றின் அளவு டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, மட்டும் வாசலில் நடக்காது. அதற்குச் சமதளமும் பெரிய கருவியும் வேண்டும். பழைய டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தால், புதியதை மாட்டிய வாரமே ஒரு கடைக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் புதியதும் அப்படியேதான் தேயும்.

கூப்பிடும்போது பக்கச்சுவரில் உள்ள அளவை, 185/65 ஆர்15 என்பது மாதிரி, போட்டோ எடுத்து அனுப்புங்கள். டயர், மாட்டும் கூலி, பேலன்சிங் எடை, வால்வு, வந்துபோகும் செலவு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். தெரு எவ்வளவு அகலம் என்றும் சொல்லுங்கள். தண்டையார்பேட்டையில் பல தெருக்களில் என் வண்டி நுழையாது. காரை முனைக்குக் கொண்டுவரச் சொல்லித்தான் செய்துகொடுக்கிறேன். மாட்டிய பிறகு 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதற்கு நான் தனியாகக் காசு வாங்குவதில்லை, உங்களுக்கு வருபவரிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள்.