“வான்கோழி விழுங்காத விதையையும் நட்டாரா, மிஸ்?”

பதின்ம வயது மாணவர்களிடம் பல வகைச் சிந்தனைத் திறன்களை எப்படி வளர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில், சனிக்கிழமைதோறும் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். சிந்தனை வகைகளின் பெயர்களை நான் சொல்லிக்கொடுப்பதே இல்லை. ஒரே விஷயத்தைக் கையில் கொடுத்து, வெவ்வேறு விதமாகக் கேள்வி கேட்பேன்.

எங்கள் தீவின் கதை ஒன்று. இங்குள்ள தம்பலகோக் மரம் அருகிப்போனதற்கு டோடோ பறவை அழிந்ததுதான் காரணம் என்று ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977இல் எழுதினார். டோடோவின் இரைப்பையில் ஓடு தேய்ந்தால்தான் விதை முளைக்கும் என்பது அவர் வாதம். டோடோவுக்குப் பதில் வான்கோழிகளுக்கு 17 விதைகளைக் கொடுத்தார். 7 நொறுங்கிவிட்டன. மிச்சம் 10இல் 3 முளைத்தன.

இதோடு நிறுத்தி, “நம்புகிறீர்களா? ஏன்?” என்று நோட்டில் எழுதச் சொல்வேன். கதை அழகாக இருப்பதால் எல்லாரும் ‘ஆமாம்’ என்றே எழுதுவார்கள். அப்புறம் நான் வாய் திறக்கமாட்டேன். ஒருமுறை இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரே அமைதி. எப்போதும் கடைசியில் உட்காரும் 14 வயதுப் பெண் மெல்லக் கேட்டாள்: “வான்கோழி விழுங்காத விதையையும் நட்டாரா, மிஸ்?”

நடவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பிடித்ததும் அதே ஓட்டையைத்தான். விழுங்காத விதையும் முளைக்கிறது. டோடோ போன பிறகு முளைத்த மரங்களும் இருக்கின்றன. அவளுக்கு நான் இதைச் சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அடுத்தது வேறு மாதிரிக் கேள்வி. “சரி, டோடோ இல்லையென்றால் வேறு யார் விதையைப் பரப்பியிருக்கலாம்?” வௌவால், ஆமை, வெள்ளம் என்று வருவதையெல்லாம் எழுதிக்கொள்வேன். எது பொருந்தும் என்று சலிப்பது எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான். நடுவிலேயே ‘தப்பு’ என்றால் கூச்சப்படுகிற பிள்ளை அன்றைக்கு முழுக்கப் பேசாது. ‘ஆமை’ என்று சொன்ன பையனிடம், எங்கள் கரைக்குப் பக்கத்தில் உள்ள ‘இல் ஓ ஸெக்ரெட்’ என்ற குட்டித் தீவில் 2000இல் கொண்டுவந்து விட்ட அல்டாப்ரா ராட்சத ஆமைகள் கருங்காலி விதைகளைப் பரப்புவதைச் சொன்னேன்.

வாதாடும்போது இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழிக்குத் தாவினால் நான் தடுப்பதில்லை. யோசனை ஓடட்டும், தமிழில் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

கடைசியில், முதலில் எழுதிய பதிலுக்குக் கீழே, இப்போது என்ன நினைக்கிறார்கள், எந்த இடத்தில் மனம் மாறியது என்று எழுதுவார்கள். முதல் பதிலை அழிக்கக் கூடாது. ரப்பர்களை முன்பே வாங்கி வைத்துவிடுவேன்.