"ஏன் காலி செய்தார்கள்?" என்று கேட்கும் பெண்ணுக்கு என்ன படிப்பு?

போன வாரம் மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே பெரியப்பா. பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறார்கள். பத்து மிஷின் ஓடுகிறது. பெரியப்பாதான் பேசினார். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறாராம். ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு 14 லட்சம். கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதி 10 லட்சத்துக்குக் கல்விக் கடன், பாட்டி பேரில் இருக்கும் லைன் வீடுகளை ஜாமீனாக வைத்து.

அப்பா ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "பாப்பா வாழ்க்கைங்க மேடம், தப்பா எதுவும் பண்ணீரக் கூடாது." கண் கலங்கியிருந்தார். பயப்படாதீர்கள் என்று நானும் கொஞ்ச நேரம் தேற்றினேன்.

பிறகு மகளிடம், லீவு நாளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "பாட்டி லைன் வீட்டுக்கு வாடகை வாங்கப் போவேன்" என்றாள். பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். பன்னிரண்டு ரூம். ரூம் நம்பர், பெயர், ஊர், கம்பெனி, வாடகை, கரண்ட் ரீடிங், பாக்கி என்று பாட்டி காலத்திலிருந்து வரும் கட்டங்கள். கடைசியில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் போட்ட புதுக் கட்டம் ஒன்று. தலைப்பு: "ஏன் போனாங்க".

3-ஆம் நம்பர், ஒடிசா, நிட்டிங்: "அக்காவுக்குப் பிரசவம், இங்க பாத்துக்க ஆள் இல்ல." 7-ஆம் நம்பர், திருவாரூர், செக்கிங்: "புதுக் கம்பெனில ரூமும் தராங்க, சம்பளம் கம்மி." 9-ஆம் நம்பர்: "பையனுக்கு மூணாவது தடவ காய்ச்சல். தண்ணித் தொட்டி." இரண்டு வருடமாக எழுதுகிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

அந்த நோட்டைப் பார்த்த பிறகு என்னால் வெறுமனே ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. பாப்பாவின் அப்பா, அண்ணா, இனி உங்களிடமே நேராகப் பேசுகிறேன்.

முதலில் கடன். 10 லட்சம் கடனுக்குப் பத்தரை சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 13,500 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 16 லட்சத்துக்கு மேல். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். அதனால்தான் பேச்சு லைன் வீட்டுக்கு வந்து நிற்கிறது. ஆர்டர் இல்லாத மாதங்களில் உங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பன்னிரண்டு ரூம் வாடகையில் என்று அம்மாவே சொன்னார்கள். அதை அடகு வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்து, பிள்ளைக்கும் ஆசை இருந்தால் அது வேறு பேச்சு. இங்கே இரண்டுமே இல்லை.

அடுத்தது அவள் விருப்பம். கம்ப்யூட்டர் பற்றி நான் நான்கு கேள்வி கேட்டேன். நான்குக்கும் பெரியப்பா பதில் சொன்னார். நோட்டைப் பற்றி ஒரே கேள்வி கேட்டேன். அவள் இருபது நிமிடம் நிறுத்தவில்லை. கணக்கில் நல்ல மதிப்பெண். மனிதர்கள் ஏன் இடம் மாறுகிறார்கள் என்ற ஆர்வம். இரண்டும் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு படிப்பு இருக்கிறது: பொருளாதாரம். அதிலும், ஒரு வட்டாரத்தின் வேலை, வீடு, உடல்நலம் மூன்றையும் சேர்த்து ஆராயும் பொருளாதாரம். இன்ஜினியரிங், சி.ஏ., நீட் பற்றிச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது. நான் இதை மட்டும் சொல்கிறேன்.

எகனாமிக்ஸ் என்றதும் பெரியப்பா, "வேற சீட் கிடைக்காதவங்க எடுக்கறதுங்களே" என்றார். அப்படி நினைப்பவர்களுக்காக மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன்.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. ஒட்டியிருக்கும் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இருவர், எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள 410 துரித உணவுக் கடைகளில், உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று விசாரித்தார்கள். கூலியை ஏற்றினால் வேலை போய்விடும் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைகளில் அப்படி நடக்கவில்லை. இன்றுவரை அதன்மேல் வாதம் நடக்கிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த வழி நிலைத்துவிட்டது. கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது.

இரண்டாவது, வீடு. 1994-இல் தொடங்கி அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், வறுமை மண்டிய குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களுக்கு இடையே குலுக்கல் போட்டார்கள். சீட்டு விழுந்தவர்களுக்கு வேறு பகுதிக்குப் போக வாடகை உதவி கிடைத்தது. பெரியவர்களின் சம்பளம் ஏறவில்லை. ஆனால் அவர்களிடம் சர்க்கரை நோய் குறைந்தது. பதின்மூன்று வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள், வளர்ந்து இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பிள்ளைகளைப் பற்றிய அந்த முடிவைக் கண்டுபிடித்த குழுவை நடத்தியவர் ராஜ் செட்டி. டெல்லியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை.

மூன்றாவது, நம் நாட்டில். 1987-இல் அகமதாபாத்தில், சேரிகளில் வாழ்ந்த உழைக்கும் பெண்களுக்காக ஊருக்கு வெளியே 12 கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டிக் குலுக்கல் போட்டார்கள். 497 பேரில் 110 பேருக்கு வீடு விழுந்தது. பதினான்கு வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதம் பேர் குடியேறவே இல்லை; இன்னும் 32 சதவீதம் பேர் குடியேறிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். நல்ல வீடுதான். ஆனால் சொந்தபந்தமும், ஆபத்துக்குக் கைமாற்று தரும் ஆளும் பழைய தெருவில் இருந்தார்கள். உங்கள் மகள் பென்சிலால் எழுதிவைத்த அதே கேள்விக்குத்தான் இங்கே பதில் தேடியிருக்கிறார்கள், அண்ணா.

நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. 2000 முதல் சென்னை ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வேலை ஊருக்குள், வீடு ஊருக்கு வெளியே. விடியற்காலை பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய கூலி போயிற்று. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், விடுதிச் சாப்பாடு விஷமாகி ஆலைத் தொழிலாளிப் பெண்கள் மருத்துவமனைக்குப் போக, மற்ற பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் அதே வட்டாரத்தில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. அதில் தங்கும் பெண் வேலையில் எத்தனை வருடம் நிற்கிறாள், உடம்பு எப்படி இருக்கிறது, வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாள் என்று யாராவது வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ண வேண்டும். தமிழ் தெரிந்த, அந்தப் பெண்கள் நம்பிப் பேசக்கூடிய ஒருத்தி அதற்கு வேண்டும்.

திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த வருடம் பன்னிரண்டில் ஐந்து ரூம் பூட்டிக் கிடந்ததாகப் பாட்டி சொன்னதை மகள் என்னிடம் சொன்னாள். போனவர்கள் எங்கே போனார்கள், திரும்பி வந்தார்களா, அதே நேரம் பக்கத்து ஊரான பல்லடத்தில் வாடகை என்ன ஆனது? நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் செய்ததை இங்கே செய்துபார்க்கலாம். நான் இதைச் சொன்னபோது அவள் நோட்டைத் திருப்பி வாங்கி, பின்னட்டையில் "பல்லடம்" என்று குறித்துக்கொண்டாள்.

இந்த வேலை சென்னையில் தொடங்கியதே இப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கே அனுப்பி, வீடு வீடாகக் கணக்கெடுத்து வரச் சொன்னார். அது 1918-இல் நூலாக வந்தது. அதில் இருந்த விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1930களிலும், 1981-லும், 2008-லும் வேறு வேறு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். ஒரே கிராமத்தின் கூலியையும் நிலத்தையும் வீட்டையும் நூறு வருடத்துக்கு ஒப்பிட முடிகிறது என்றால், அன்று ஊருக்குப் போன மாணவர்களின் குறிப்புகளால்தான்.

சரி, வழி என்ன? கணக்கை விடக்கூடாது. இதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. பல கல்லூரிகளில் பி.ஏ. பொருளாதாரத்தைக் கணக்கே இல்லாமல் மனப்பாடமாக நடத்துகிறார்கள். அப்படிப் படித்து வந்த பிள்ளை எம்.ஏ. நுழைவுத் தேர்வில் திணறுகிறது. அதனால் உங்கள் மகளுக்கு என் பரிந்துரை: வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் அல்லது புள்ளியியல். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். பொருளாதாரத்தை அந்த மூன்று வருடத்தில் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பொருளாதாரத்தையே இளங்கலையில் எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னால், கணிதமும் புள்ளியியலும் சேர்த்து நடத்துகிற கல்லூரியா என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அடுத்து முதுகலை. இதுதான் உண்மையான வாசல். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், புனேயில் கோகலே நிறுவனம், மும்பையில் ரிசர்வ் வங்கி தொடங்கிய இந்திரா காந்தி ஆய்வு நிறுவனம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நுழைந்துவிட்டால் உதவித்தொகையே தருவார்கள், தேர்வு கடினம். நான் இவளுக்கு மனதில் வைத்திருப்பது திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம். 1970களின் தொடக்கத்தில் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்கியது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடங்கள். அன்று வருமானம் குறைவாக இருந்த கேரளத்தில் மக்களின் ஆயுளும் படிப்பும் எப்படி உயர்ந்தன என்று ஐ.நா.வுக்காக அவர்கள் செய்த ஆய்வு 1975-இல் வந்தது. ஒரு மாநிலத்தை மட்டும் உற்றுப் பார்த்து உலகத்தையே பேச வைத்த வேலை அது. பொருளாதாரத்தில் அங்கே எம்.ஏ. நடத்துகிறார்கள்.

கம்ப்யூட்டரும் வேண்டும். புள்ளிவிவரங்களை அலசும் ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம். மத்திய அரசு 2017-இலிருந்து நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பின் மூலத் தரவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவளுடைய நோட்டையே முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றட்டும். தன் கணக்கு என்றால் கோடிங் தானாக வரும்.

வேலைக்கு வருவோம், மறைக்காமல் சொல்கிறேன். இந்தியப் பொருளாதாரப் பணி என்ற மத்திய அரசுப் பணி இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு, முதுகலைப் பொருளாதாரம் கட்டாயம், எழுத்துக்கு 1,000, நேர்முகத்துக்கு 200 மதிப்பெண். இடங்கள் குறைவு. ரிசர்வ் வங்கியின் ஆய்வுப் பிரிவும் அப்படித்தான். புள்ளியியல் படித்த பட்டதாரிக்கு எஸ்.எஸ்.சி. தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணி உண்டு, ஒருவேளை எம்.ஏ. தள்ளிப்போனாலும் கை கொடுக்கும். கள ஆய்வு நிறுவனங்கள் தமிழில் சரளமாகப் பேசி, எண்களையும் கையாளத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. அங்கே தொடக்கச் சம்பளம் நல்ல சாஃப்ட்வேர் வேலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கழுத்தில் கடன் இல்லாத பெண்ணுக்கு அந்தச் சம்பளம் கையில் நிற்கும். இரண்டு வருடம் அப்படி வேலை பார்த்துவிட்டு வெளிநாட்டு முனைவர் படிப்புக்குப் போகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்களில் அதற்குக் கட்டணமும் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு.

இளங்கலையோடு நிறுத்துவதாக இருந்தால் இந்த வழி வேண்டாம். ஐந்து வருடம் என்று இன்றே முடிவு செய்யுங்கள். மூன்றாவது வருடத்தில் வரன் வந்தது என்று நடுவில் நிறுத்தினால் அவள் உழைப்பு வீண். இதை அம்மாவிடம் தனியாகவும் சொன்னேன்.

பெரியப்பா அக்கறையில்தான் பேசினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தவணை கட்டப் போவது அவர் இல்லை, நான்கு வருடம் வகுப்பில் உட்காரப் போவதும் அவர் இல்லை. சீட்டுக்கு முன்பணம் 50,000 கட்ட வரும் திங்கள்தான் கடைசி நாள் என்றார்கள். கட்டாதீர்கள். அரசுக் கல்லூரிக்கான இணைய விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை நீங்களும் மகளும் மட்டும் வாருங்கள். நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஏப்ரல் பக்கத்தில் 11-ஆம் நம்பருக்கு எதிரே அவள் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறாள். விசாரித்துக்கொண்டு வரட்டும்.